டாக் ரன்னுக்கு நாயை அழைத்துப் போகலாமா? சிங்கப்பூரில் நாய் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டாக் ரன்னுக்கு, அதாவது நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட வேலி போட்டு ஒதுக்கிய பொது இடத்துக்கு, நாற்பது முறையாவது போயிருப்போம். பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது என் நாய் கடலையின் குறும்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, வயதான ஷிட்ஸு நாய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, உங்கள் நாய் எப்போதும் அங்கேதான் இருக்குமா?"

"ஆமாம் ஐயா. ஓடிக் களைத்ததும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்."

"களைத்த நாய் காற்று வரும் இடமாகப் பார்த்துக் காலை நீட்டிப் படுக்கும். இது பெஞ்சுக் காலோடு முதுகை ஒட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது."

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. அதோடு, கடலை ஓடவே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துரத்தப்பட்டிருந்தாள். ஏழெட்டு நாய்களுக்கு நடுவில் வாலை இடுக்கிக்கொண்டு ஓடியதை 'எவ்வளவு குஷி பாருங்கள்' என்று கைப்பேசியில் படம் வேறு பிடித்து வைத்திருந்தேன். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. புதிதாக நாய் வாங்கிய நண்பர்கள் வந்தால் போட்டுக் காட்டுவேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

இந்த வழிகாட்டி அந்த எட்டுப் பேருக்காக. 'டாக் ரன் நல்லதா கெட்டதா' என்று பொதுவில் கேட்டால் பதில் கிடையாது. இந்த நாய்க்கு, இந்த வேளையில், வேலிக்குள் இப்போது இருக்கும் நாய்களோடு சரிப்படுமா என்று ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. என் கணிப்பைக் கேட்டால், கூட்டமான மாலை நேர டாக் ரன்னை உண்மையாகவே ரசிக்கும் நாய்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. மற்றவை நமக்காகப் பொறுத்துக்கொள்கின்றன.

இப்படி ஓர் இடம் எதற்கு?

நாய்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பொதுப் பூங்காக்களில் முதலாவதாகப் பரவலாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பெர்க்லி நகரில் 1979இல் வந்த ஓலோன் நாய்ப் பூங்கா. சுரங்க ரயில் பாதை போட்ட பிறகு மேலே மிஞ்சிய நிலத்தில் அமைந்த பூங்காவின் ஒரு பகுதி அது. இந்தியாவில் ஹைதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் ஒன்றைத் திறந்தது.

சிங்கப்பூரில் இதற்கான தேவை வேறு மாதிரி. இங்கே பெரும்பாலோர் வசிப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில். வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக, தோள் உயரம் 40 சென்டிமீட்டருக்கும் எடை 10 கிலோவுக்கும் மிகாமல் இருக்க வேண்டும். 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கப்படும் நம்மூர்க் கலப்பின நாய்களை வீவக வீட்டில் வளர்க்க 2012இல் 'அடோர்' திட்டம் வழிவிட்டது. 2020இல் அதன் உயர வரம்பு 55 சென்டிமீட்டராகக் கூடி, எடை வரம்பு நீங்கியது. கடலை அந்தத் திட்டத்தில் வந்தவள்தான். பொது இடத்தில் எந்த நாயாக இருந்தாலும் கயிறு கட்டாயம். ஆக, வாசலும் முற்றமும் இல்லாத ஒரு வீவக நாய் கயிறு இல்லாமல் நான்கு காலில் பாய்ந்தோட, சட்டப்படி உள்ள பொது இடம் டாக் ரன் ஒன்றுதான். பீஷான் - அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, காத்தோங் பூங்கா, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஜூரோங் ஏரித் தோட்டம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

இங்கேயே ஒரு சிக்கலும் முளைக்கிறது. வீவக நாய்கள் பெரும்பாலும் சிறியவை. தரைவீட்டிலிருந்து காரில் வருபவை லேப்ரடாரும் ஹஸ்கியும். இரண்டும் சந்திக்கும் இடம் டாக் ரன்.

படி 1: நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒருமுறை போய்வாருங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் செய்யாமல் விட்டு வருந்துவது இதைத்தான். நீங்கள் நாயோடு எந்த நேரத்தில் போவீர்களோ அதே நேரத்தில் போய், வேலிக்கு வெளியே இருபது நிமிடம் நின்று பாருங்கள்.

முதலில் இடம். கதவு இரட்டைக் கதவா? ஒன்றைச் சாத்திவிட்டு அடுத்ததைத் திறக்கும்படி நடுவில் ஒரு கூண்டு இருக்க வேண்டும். வேலியின் அடியில் மண் அரித்துச் சந்து விழுந்திருக்கிறதா? சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி உண்டா? நிழல், குழாய்த் தண்ணீர்? மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேங்குகிறதா? உள்ளே பெஞ்சு, மரம், மேடு என்று ஏதாவது இருந்தால் நல்லது. வெறும் மொட்டைச் சதுரமாக இருந்தால், ஒரு நாய் இன்னொன்றிடமிருந்து விலகி மறைய இடமே இருக்காது.

அடுத்து மனிதர்கள். நாய்களைவிட இவர்களைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். எத்தனை பேர் தங்கள் நாய் இருக்கும் திசையில் முகத்தை வைத்திருக்கிறார்கள்? எத்தனை பேர் குனிந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஒரு நாய் இன்னொன்றின் மேல் ஏறி அமுக்கும்போது யாராவது எழுந்து போகிறார்களா, இல்லை 'அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்' என்று சிரிக்கிறார்களா? அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தால் வேறு நேரம் அல்லது வேறு பூங்கா பாருங்கள். நாய்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளத்தான் செய்யும், பல்லால்.

படி 2: உங்கள் நாய் எந்த ரகம்?

குட்டிகளிலிருந்து தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்கேதான். ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை. தடுப்பூசித் தொடர் முடிவதோ 16 வாரத்தை ஒட்டி. 'சீக்கிரம் எல்லா நாயோடும் பழக்குங்கள்' என்பார் ஒருவர், 'ஊசி முடியும் வரை தரையில் விடாதீர்கள்' என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி. இதற்கு வழி, டாக் ரன்னைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்றதையெல்லாம் முன்னே செய்வதுதான். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி நிலைய வாசலில் நில்லுங்கள், கோப்பிக்கடை இரைச்சலைக் கேட்கவிடுங்கள், வேலிக்கு வெளியே நின்று நாய்களைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். தடுப்பூசி போட்ட, பொறுமையான, வளர்ந்த நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அப்படி ஒரு நல்ல நாயிடம் கற்பதை, முன்பின் தெரியாத முப்பது நாய்களிடம் குட்டி கற்காது. மாறாக, முப்பதில் ஒன்று கடித்து உருட்டிவிட்டால் அந்தப் பயம் வாழ்நாள் முழுக்க நிற்கலாம்.

ஏழெட்டு மாத நாய்க்கு டாக் ரன் சொர்க்கம். யாரோடு வேண்டுமானாலும் கட்டிப் புரளும். வைத்திருப்பவர்களும் 'என் நாய்க்கு டாக் ரன் என்றால் உயிர்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் நாய் உள்ளத்தாலும் வளர்கிறது. கல்லூரியில் இருபது பேரோடு சுற்றியவர் முப்பது வயதில் இரண்டு நண்பர்களோடு நிறுத்திக்கொள்வதில்லையா? இரண்டு வயதில் உங்கள் நாய் புது நாய்களைப் பார்த்து உறுமினால் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருள் அல்ல. பெரியதாகிவிட்டது, அவ்வளவுதான். அப்போது அதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தத்தெடுத்த நாய் என்றால் முதல் மூன்று மாதம் டாக் ரன் பேச்சே வேண்டாம். உங்களையே அதற்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

மிகச் சிறிய நாய்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிவாவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற நாய் பயந்து கீச்சிட்டு ஓடும்போது, அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாயின் மூளையில் விளையாட்டு அணைந்து வேட்டை விழித்துக்கொள்ளலாம். அது சாதுவான நாயாக இருந்தாலும் இது நடக்கும். சிறிய நாய்ப் பகுதி இல்லாத டாக் ரன்னுக்கு 5 கிலோ நாயை நான் கொண்டுபோக மாட்டேன்.

வயது எதுவாக இருந்தாலும் ஒரு பரீட்சை வையுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கயிறோடு, இன்னொரு நாய் தூரத்தில் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பத்தில் எட்டு முறை திரும்பி வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால், டாக் ரன்னில் சண்டை மூளும்போதும் வராது.

படி 3: உடம்பு தயாரா?

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோயாளி நாய் வந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அடிப்படைத் தடுப்பூசியும் ஓராண்டு கழித்துப் போடும் ஊக்க ஊசியும் ஆகியிருக்க வேண்டும். தேங்கிய மழைநீரில் எலிச் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதனுக்கும் தொற்றக்கூடியது. அதற்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கும், கேட்டுப் பாருங்கள். நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் இருமல் என்ற தொற்று இருமலும் சகஜம்.

உண்ணி மருந்து மாதம் தவறக் கூடாது. புல்லில் புரண்டு வந்த நாய் ஒன்று போதும், மூன்று வாரத்தில் உங்கள் படுக்கையறைச் சுவரில் உண்ணி ஏறும். எனக்கு நடந்திருக்கிறது. அந்தக் கதையைச் சாப்பிடும் நேரத்தில் யாரும் கேட்க வேண்டாம்.

பருவத்தில் இருக்கும் பெண் நாயை அழைத்துப் போவது மற்ற எல்லாருக்கும் செய்யும் துரோகம். கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால், உங்கள் நாய் சாதுவாகவே இருந்தாலும் மற்ற ஆண் நாய்கள் அதைச் சீண்டலாம். மைக்ரோசிப்பும் உரிமமும் இருக்கட்டும். பிட்புல், டோசா, அகிட்டா போன்ற பட்டியலிடப்பட்ட இனங்களுக்குப் பொது இடத்தில் கயிறோடு வாய்க்கூடும் கட்டாயம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் கிடையாது. சென்னையிலோ கோவையிலோ நாய்கள் கூடும் இடத்துக்குப் போவதென்றால் அந்த ஊசியின் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 4: பையில் என்ன?

தண்ணீரும் உங்கள் சொந்தக் கிண்ணமும் (பொதுக் கிண்ணத்தில் குடிக்கவிடாதீர்கள், வயிற்றுப்போக்குக் கிருமிகளின் சந்தை அது), மலப்பை நான்கைந்து, தானாக விரியும் குடை ஒன்று. குடை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அல்ல, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பந்து, எலும்பு, தின்பண்டம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் எதையும் பங்குபோடும் நாய்கூட அறிமுகமில்லாத கூட்டத்துக்கு நடுவில் ஒரு பந்துக்காகப் பல்லைக் காட்டும்.

படி 5: கதவருகே

போனதும் உள்ளே விடாதீர்கள். பத்து நிமிடம் வெளியே நடங்கள். மோப்பம் பிடிக்கட்டும், மலம் கழிக்கட்டும், காரில் வந்த பரபரப்பு தணியட்டும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றங்கரையாக நடக்கலாம். அங்கே நீர்நாய்க் குடும்பங்கள் கரையேறும். பெயரில் மட்டும்தான் நாய். குட்டிகளோடு இருக்கும்போது நம் நாயைக் கடித்துக் குதறிவிடும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாசல். புது நாய் வருகிறது என்றதும் உள்ளே இருக்கும் நாய்கள் எல்லாம் கதவில் வந்து மொய்க்கும். இந்த நொடியில்தான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன. நுழையும் நாய்க்குப் பின்னால் சாத்திய கதவு, முன்னால் ஆறு மூக்கு. மொய்த்திருந்தால் நான்கடி பின்வாங்கி நில்லுங்கள். அவை சலித்துப்போய் விலகும். உள்ளே இருப்பவர்களிடம் "கொஞ்சம் கூப்பிட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இரண்டு கதவுக்கும் நடுவில் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். பயந்துபோய் கயிறோடு உள்ளே கூட்டிப் போகிறவர்கள் உண்டு. கட்டப்பட்ட நாய் விலகவும் முடியாது, குனிந்து சமாதானம் சொல்லவும் முடியாது. சுதந்திரமாகச் சுற்றும் நாய்களுக்கு நடுவில் அதற்கு மிஞ்சுவது முறைப்பும் கடியும்தான். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸையும் கழற்றிவிடலாம், விளையாட்டில் இன்னொரு நாயின் பல் அதில் மாட்டிக்கொள்வது உண்டு. மெல்லிய கழுத்துப்பட்டை போதும்.

உள்ளே போனதும் உட்காராதீர்கள், நடந்துகொண்டே இருங்கள். ஆள் நகர்ந்தால் நாயும் நகரும். நகரும் நாயைக் கூட்டம் சூழ்ந்துகொள்வது கடினம்.

படி 6: நாயைப் படிப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருந்தால் போதும்.

விளையாட்டுக்கு ஒரு தொடக்க வணக்கம் உண்டு. முன்னங்கால்கள் இரண்டும் தரையில் பதிய, பின்புறம் வானத்தைப் பார்க்கும். 'இனி நான் செய்யப்போவதெல்லாம் சும்மா' என்பது அதன் பொருள். அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெகாஃப் இந்த வணக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடிப்பதுபோல் வாய் வைப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் நாய்கள் இதை அதிகம் செய்கின்றன என்பது அவர் கண்டது. நாம் கேலி பேசும்போது கண்ணைச் சிமிட்டிக்கொள்வதைப்போல.

நல்ல விளையாட்டில் உடம்பு வளைந்து நெளியும். வாய் தளர்வாகத் திறந்திருக்கும். ஓட்டத்தில் தேவையில்லாத துள்ளல் இருக்கும். துரத்தியது துரத்தப்படும், மேலே இருந்தது கீழே படுக்கும். பெரிய நாய் தானாகவே மல்லாந்து சிறியதற்கு இடம் கொடுக்கும். நடுநடுவே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துவிட்டுத் திரும்ப வரும்.

சரியில்லாத ஆட்டத்தில் இந்த இடைவெளி இருக்காது. உடம்பு விறைத்து நேர்க்கோட்டில் போகும். வாய் மூடியிருக்கும். ஒரே நாய்தான் எப்போதும் துரத்தும், ஒரே நாய்தான் எப்போதும் ஓடும். மூன்றாவது நாய் சேர்ந்துகொண்டால் உடனே போய்ப் பாருங்கள். இரண்டு நாய் விளையாட்டு மூன்றாவது வந்ததும் எளிதில் கும்பல் வேட்டையாக மாறும்.

வாலை ஆட்டினால் மகிழ்ச்சி என்பது பாதி உண்மை. இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடும் வாலும், கம்பிபோல் மேலே நின்று நுனி மட்டும் துடிக்கும் வாலும் ஒன்றல்ல. இரண்டாவது, காசு எண்ணி வைப்பதற்கு முன் ரவுடி விரலால் மேசையைத் தட்டுவானே, அந்த மாதிரி.

பயத்தின் அறிகுறிகள் இன்னும் நுட்பமானவை. பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொள்வது, திடீரென்று தரையை மும்முரமாக மோப்பம் பிடிப்பது, நனையாத உடம்பை உதறுவது. நார்வே நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகோஸ் இவற்றுக்கு 'அமைதிச் சைகைகள்' என்று பெயர் வைத்தார். கடலை இவை எல்லாவற்றையும் எனக்குச் செய்து காட்டியிருந்தாள். கொட்டாவி விட்டபோது 'பாவம், தூக்கம் வருகிறது' என்று நினைத்தவன் நான்.

சந்தேகம் வந்தால் கேட்டுவிடலாம், நாயிடமே. துரத்தும் நாயின் மார்பில் கைவைத்து இரண்டு நொடி நிறுத்துங்கள். துரத்தப்பட்ட நாய் திரும்பி வந்து 'வா' என்று குனிந்தால் விளையாட்டு, விடுங்கள். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி மறுபக்கம் நழுவினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்று அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்துச் செய்து பார்த்தேன். ஒரு கறுப்பு லேப்ரடாரை நான் பிடித்துக்கொண்ட மறு நொடி, கடலை என்னைத் தாண்டிப் போய்க் கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.

படி 7: எப்போது கிளம்புவது

இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. வெகுநேரம் விளையாடும் நாய் களைத்த குழந்தையைப்போலச் சிடுசிடுக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை கூப்பிட்டு, தடவிக்கொடுத்து, மறுபடி விளையாட விடுவது நல்ல பழக்கம். அழைத்தாலே வீட்டுக்குத்தான் என்று நாய் புரிந்துகொண்டால் பிறகு கையில் சிக்காது.

உங்களுக்குப் பிடிக்காத ஒரு நாய் உள்ளே வந்தால் நீங்கள் கிளம்பலாம். 'அவர்கள்தானே போக வேண்டும்' என்பது நியாயம்தான். நியாயத்தை நிலைநாட்டும் நேரத்தில் நாயின் காது கிழிந்துவிடும்.

வெயில் இங்கே இன்னொரு கடிகாரம். பகலில் 31, 32 டிகிரியும் அதோடு புழுக்கமும் இருக்கும் ஊர் இது. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. பக், ஷிட்ஸு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைக் காலை எட்டு மணிக்குப் பிறகு ஓடவிடுவது ஆபத்து. நாக்கு நுனி அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிவிட்டு, அதன் பிறகே வண்டியில் ஏற்றுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனை. ஈரத்துண்டால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

படி 8: சண்டை மூண்டுவிட்டால்

கையை நடுவில் விடாதீர்கள். கழுத்துப்பட்டையைப் பிடிக்கத் தோன்றும். அப்படிப் பிடித்துத்தான் பலர் தையல் போட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நாய் எந்தக் கை என்று பார்த்துக் கடிப்பதில்லை.

முதலில் சத்தம்: இரும்புக் கதவைத் தட்டுங்கள். அடுத்து தண்ணீர்: குழாயோ பாட்டிலோ, மூக்கைப் பார்த்து. அடுத்துதான் குடை. இரண்டு முகங்களுக்கும் நடுவில் படாரென்று விரித்தால் பெரும்பாலும் ஒரு நொடி பிரியும், அந்த ஒரு நொடி போதும். இன்னும் விடவில்லை என்றால், இரண்டு நாய்களின் ஆட்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கமாகத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பதுபோல் பின்னால் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் மாட்டிக்கொண்ட நாய்க்குத்தான் அடி. பல் இறுகப் பதிந்திருந்தால் இழுக்காதீர்கள், சதை கிழியும். பிடி தளரும் வரை இரண்டையும் அசையவிடாமல் வைத்திருங்கள்.

சிறிய நாயைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். துரத்தும் நாய் உங்கள் மேல் பாயும். பெஞ்சின் மேல் விட்டு முன்னால் நில்லுங்கள், அல்லது கதவுக் கூண்டுக்குள் விட்டுச் சாத்துங்கள்.

பிரித்த பிறகு முடியை விலக்கி விலக்கிப் பாருங்கள். கடித்த இடத்தில் வெளியே மிளகு அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே தோல் சதையிலிருந்து பிரிந்திருக்கும். கடலையின் காதுக்குக் கீழே அப்படி ஒன்று இருந்ததை நான் பார்த்தது மறுநாள் மாலை, சீழ் வைத்த பிறகு. கடித்த நாயின் ஆள் நல்லவர்தான், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவரும் எண் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பாதம், கால்விரல் இடுக்கு, காதின் உட்புறம், அக்குள். உண்ணி ஒளியும் இடங்கள் இவை. மறுநாள் நாய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நன்றாக விளையாடிய நாய் இரவு அயர்ந்து தூங்கி, காலையில் வழக்கம்போல் எழும். மறுநாளும் லிஃப்ட்டில் பார்க்கிற நாயையெல்லாம் பார்த்துக் குரைத்தால், அல்லது கயிற்றை எடுத்ததும் சோஃபாவுக்குப் பின்னால் போனால், நேற்றைய பதற்றம் இன்னும் வடியவில்லை. மூன்று முறை தொடர்ந்து இப்படி நடந்தால் டாக் ரன் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றும் குறையாது. ஓட்டம்தான் நாய்க்கு முக்கியம் என்று நாம் நினைக்கிறோம், நாயோ மூக்கால் வாழ்கிறது. மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அரைமணி நேரம் அதன் போக்கில் மோப்பம் பிடித்து நடந்த நாய், ஒரு மணி நேரம் ஓடியதைவிட நன்றாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். பழைய மலாயா ரயில் ஓடிய தடத்தில் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்போது ரயில் பசுமைப் பாதை இருக்கிறது. வார நாள் காலையில் ஐந்து மீட்டர் கயிறோடு அங்கே போய், எந்தப் பக்கம் போவது என்ற முடிவை நாயிடம் விட்டுப் பாருங்கள். சைக்கிள்கள் வரும், அப்போது கயிற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பொத்தான் அழுத்தினால் சுருளும் கயிறு இதற்கு வேண்டாம், விரலை அறுக்கும்.

நட்பு வேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ போதும். ஒரே உயரம், ஒரே வேகம் உள்ள நாயைப் பார்த்து, முதலில் இருபதடி இடைவெளியில் இணையாக நடத்துங்கள். மூன்றாவது நான்காவது நடையில் இடைவெளி தானாகக் குறையும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வேலியிட்ட தனியார் இடங்களும் இருக்கின்றன, நான்கு குடும்பம் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும்.

நாங்கள் இப்போதும் டாக் ரன்னுக்குப் போகிறோம், அதுதான் வேடிக்கை. செவ்வாயும் வியாழனும், வானம் வெளுப்பதற்கு முன். யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அது நாய்ப் பூங்காவே அல்ல, நான்கு பக்கமும் வேலி போட்ட, எங்களுக்கே எங்களுக்கான ஒரு மைதானம். கடலை முதலில் வேலியோரமாக ஒரு சுற்று வந்து, நேற்று மாலை யார் யார் வந்துபோனார்கள் என்று கம்பம் கம்பமாகப் படித்து முடிப்பாள். பிறகு திடீரென்று காதைப் பின்னால் மடித்து, பின்புறத்தைத் தாழ்த்தி, எட்டு எட்டாகப் பைத்தியம்போல் ஓடுவாள். மூன்று சுற்று. நான்காவது சுற்றில் என் காலில் வந்து மோதி நிற்பாள்.

ஏழு மணிவாக்கில் ஷிட்ஸுப் பெரியவர் வருவார். ஷிட்ஸுவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, தூக்கிக்கொண்டுதான் வருகிறார். கதவுக் கூண்டில் அவர் நிற்பதைப் பார்த்ததும் நான் கயிற்றை மாட்டுவேன். "இன்று எத்தனை சுற்று?" என்று கேட்பார். சொல்வேன். நாங்கள் வெளியே வந்த பிறகு அவர் உள்ளே போவார்.